எடை அவர்களுக்கு, ரத்தம் இவர்களுக்கு

நம் ஊர்க் குழந்தை ஒரே உடம்பாகப் பிறந்து தொலைக்கிறது. அரசாங்கத்துக்கு இது பெரிய இடைஞ்சல். ஒரே உடம்பை ஒரே துறையிடம் கொடுத்தால் மற்ற துறைகள் கோபித்துக்கொள்ளும். அதனால் தொப்புள்கொடி காய்ந்து விழுவதற்குள் பாகப்பிரிவினை முடிந்துவிடுகிறது.

எடையும் உயரமும் டில்லியில் மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்துக்கு; சென்னையில் அதே எடையும் உயரமும் சமூக நலத் துறைக்கு. ரத்தமும் அதில் இருக்கவேண்டிய இரும்பும் சுகாதாரத் துறைக்கு. தடுப்பூசி குத்தும் தொடை சுகாதாரத் துறையுடையது. அந்தத் தொடையில் சதை பிடிக்கவில்லை என்றால் அது சமூக நலத் துறை விவகாரம். குடலில் இருக்கும் புழுவுக்கு ஆண்டுக்கு இரண்டு தேசிய நாட்கள் உண்டு. மீதி நாட்களில் அது சுதந்திரப் பிரஜை. குடிக்கிற தண்ணீர் ஊராட்சிக்கு. கண், காது, இதயம் மூன்றும் வேனில் வந்து போகும் மருத்துவக் குழுவுக்கு. பள்ளிக்கூடத்தில் சேர்த்தால் பிள்ளை மொத்தமாகக் கைமாறும். ஐந்து வருஷம் எழுதிவைத்த எடைக் குறிப்பு கூடவே போகாது. அழுகையை மட்டும் எந்தத் துறைக்கும் ஒதுக்கவில்லை. அது பெற்றவளுக்கு.

இந்தப் பங்குகளையெல்லாம் மறுபடி ஒன்றாக வைத்து, "இது நம்ம செல்வி மகன்ல, போன வாரத்துலேர்ந்து சோறே இறங்கலயாமே" என்று பார்க்கக்கூடியவர்கள் ஊரில் மூன்று பெண்கள்தான்: பால்வாடி டீச்சர், ஆயா, நர்சம்மா. பலகையில் அங்கன்வாடிப் பணியாளர், உதவியாளர், கிராம சுகாதார செவிலியர் என்றிருக்கும். வாயில் வருவது இதுதான்.

1975 அக்டோபர் 2 அன்று நாட்டின் 33 வட்டாரங்களில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தைத் தொடங்கியபோது ஆறு சேவைகளை எழுதிவைத்தார்கள். அவற்றில் தடுப்பூசி, உடல் பரிசோதனை, மேல்சிகிச்சைக்குப் பரிந்துரை ஆகிய மூன்றையும் சுகாதாரத் துறை வந்து செய்யவேண்டும் என்பது ஏற்பாடு. இரண்டு துறைப் பெண்கள் ஒரே திண்ணையில் உட்கார்ந்து ஒரே பிள்ளையைப் பார்க்கவேண்டும் என்பது ஐம்பது வருஷத்துக்கு முந்தைய யோசனை. நல்ல யோசனைதான். அதற்கு ஆகும் செலவை எந்தக் கணக்கில் எழுதுவது என்பதை மட்டும் யாரும் எழுதவில்லை. டீச்சர் சம்பளம் ஒரு கணக்குத் தலைப்பில். நர்சம்மா சம்பளம் வேறு தலைப்பில். மருத்துவக் குழுவின் வேனுக்கு டீசல் இன்னொன்றில். இவர்கள் மாதம் ஒருமுறை உட்கார்ந்து, "உங்க லிஸ்ட்ல இந்தப் பிள்ளை இருக்கா?" என்று பேசிக்கொள்ள எந்தத் தலைப்பிலும் ஒரு டீக்குக் காசில்லை.

ஒரு புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஏதாவதொரு பால்வாடி வாசலில் போய் நில்லுங்கள். தமிழ்நாட்டில் புதன்கிழமை தடுப்பூசி நாள். நர்சம்மா தோளில் ஐஸ் பெட்டியைச் சுமந்து வந்து உட்கார்ந்திருப்பார். தட்டம்மை-ரூபெல்லா மருந்துக் குப்பியைத் திறந்து கலந்துவிட்டால் அதற்கு ஆயுள் நான்கு மணி நேரம். அதற்குள் வரவேண்டிய பிள்ளைகள் வந்தாக வேண்டும். வரவழைக்கவேண்டிய டீச்சரோ வாசல்படியில் நின்று ஒரு தாயின் முகத்துக்கு நேரே கைப்பேசியைப் பிடித்துக்கொண்டிருப்பார். "கண்ணைச் சிமிட்டும்மா. இன்னொரு தரம். வெளிச்சத்துக்கு வா. பொட்டு மறைக்குதா பாரு." போட்டோ ஸ்டூடியோ ஏதும் திறந்துவிடவில்லை. 2025 ஜூலை 1 முதல் வீட்டுக்கு எடுத்துப்போகும் சத்துமாவை வாங்குகிறவரின் முகம் போஷன் டிராக்கர் செயலியில் பொருந்தியாக வேண்டும் என்பது டில்லியின் கட்டளை. ஆதார் சரிபார்ப்பு, ஓடிபி, முகம் எல்லாம் ஒத்துவந்தால்தான் மாவு. ஓடிபி திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருக்கும் கணவன் போனுக்குப் போகும். அவர் அதைப் பார்த்து, கூப்பிட்டு, எண்ணைச் சொல்வதற்குள் அது செத்துவிடும். திரும்பவும் முதலிலிருந்து கண்ணைச் சிமிட்டவேண்டும்.

இடுப்பிலிருக்கும் ஏழு மாதக் குழந்தைக்கு அம்மா முகம் தெரிகிறது. டீச்சருக்கும் தெரிகிறது, பக்கத்துத் தெருக்காரி. அரசாங்கத்தின் செயலிக்கு மட்டும் சந்தேகம். ஆள்மாறாட்டம் செய்து அரசாங்கத்தின் சத்துமாவைத் தின்று கொழுக்கத் திட்டமிடும் கும்பல்களிடமிருந்து கஜானாவைக் காப்பாற்றியாக வேண்டுமே! வங்கிகளில் ஆயிரக்கணக்கான கோடி கடன் வாங்கிக்கொண்டு முதல் வகுப்பில் விமானம் ஏறிப் போனவர்களை வாசலில் நிறுத்தி யாரும் கண்ணைச் சிமிட்டச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

உள்ளே நர்சம்மா ஒரு பிள்ளையின் கீழிமையை விரலால் இழுத்துப் பார்க்கிறார். வெளுத்துக் கிடக்கிறது. "டீச்சர், இவனுக்கு சிரப் போயிட்டிருக்கா?" என்று உள்ளேயிருந்து குரல் கொடுக்கிறார். வாசலிலிருந்து பதில் வருகிறது: "இருங்க சிஸ்டர், முகம் லோடு ஆகுது."

அந்த சிரப் விஷயம் சின்னதல்ல. ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள பிள்ளைக்கு வாரம் இருமுறை ஒரு மில்லி இரும்புச்சத்து சிரப் தரவேண்டும் என்பது சுகாதாரத் துறையின் திட்டம். வாங்குவதும் அனுப்புவதும் அவர்கள். பிள்ளையின் வாயில் போனதா என்று பார்க்கவேண்டியவர் இன்னொரு துறையின் ஊழியர். விளைவு? தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 2015-16-ல் தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ரத்தசோகை உள்ளவர்கள் 50.7 சதவீதம். 2019-21-ல் 57.4 சதவீதம். இடையில் ரத்தசோகை இல்லாத பாரதம் என்று ஓர் இயக்கமே அறிவித்திருந்தார்கள். பாரதத்துக்கு இல்லாமல் போனதோ என்னவோ, பிள்ளைகளுக்குக் கூடியிருக்கிறது. டில்லி மட்டும் குற்றவாளி என்று நாம் விரலை நீட்ட முடியாது. பிள்ளைகள் நம் பிள்ளைகள், நர்சும் டீச்சரும் நம் ஊழியர்கள். இந்தியா முழுமைக்கும் 67.1 சதவீதம், அதைவிட நாம் தேவலை என்று மார்தட்டும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. பாதிக்கு மேல் பிள்ளைகளுக்கு ரத்தம் போதாத மாநிலம் எதைக் காட்டி மார்தட்டுவது?

வேன் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2013-ல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின் வழிகாட்டலில் ஒரு நடமாடும் குழுவுக்கு நான்கு பேர்: இரண்டு மருத்துவர்கள், ஒரு செவிலியர், ஒரு மருந்தாளுநர். வட்டாரத்துக்குக் குறைந்தது மூன்று குழு. அங்கன்வாடிக்கு ஆண்டில் இருமுறை, பள்ளிக்கு ஒருமுறை. பிறவிக் குறை முதல் பல் சொத்தை வரை முப்பது கோளாறுகளை அவர்கள் கண்டுபிடிக்கவேண்டும். இந்தத் திட்டத்தால் இதய அறுவை சிகிச்சை கிடைத்துப் பிழைத்த பிள்ளைகள் உண்டு. அதை மறைத்துப் பேசினால் பாவம். ஆனால் தமிழ்நாட்டில் அங்கன்வாடி மையங்கள் 54 ஆயிரத்துக்கு மேல், வட்டாரங்கள் 388. வகுத்துப் பாருங்கள், வட்டாரத்துக்கு ஏறத்தாழ 140 மையம். இருமுறை என்றால் 280 நாள் வேலை, பள்ளிக்கூடங்கள் தனி. குழு வந்து, பார்த்து, சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் போகும். "வட்டார மருத்துவமனையில் காட்டவும்." அந்தச் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு நாள் கூலியை விட்டு, இரண்டு பஸ் மாறி அந்த அம்மா போனாளா, போனவளுக்கு டாக்டர் இருந்தாரா, டாக்டர் எழுதிய மருந்து கிடைத்ததா என்று தொடர்ந்து போய்ப் பார்ப்பது யார் வேலை? வேன்காரர்கள் அடுத்த ஊருக்குப் போயாகிவிட்டது. நர்சம்மாவுக்கு ஐயாயிரம் பேர் கணக்கு, கர்ப்பிணிப் பதிவு, அதற்கான பிக்மி எண். டீச்சருக்கு முகம். குழந்தை மருத்துவத்தில் பாதி உயிர் தப்புவது இந்தப் பின்தொடர்தலில்தான். அதற்கென்றே சம்பளம் வாங்கும் ஆள் ஊரில் ஒருவர்கூடக் கிடையாது.

இனி பணத்தைப் பேசுவோம், கூச்சம் எதற்கு.

ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையுள்ள ஒரு குழந்தையின் ஊட்டச்சத்துக்கு இந்தியக் குடியரசு 2017-ல் நிர்ணயித்த செலவு நாளொன்றுக்கு எட்டு ரூபாய். டில்லி பாதி, மாநிலம் பாதி. ஆக டில்லியின் தாய்மை நாளொன்றுக்கு நான்கு ரூபாய். அதுவும் வருஷத்துக்கு 300 நாள். மீதி அறுபத்தைந்து நாளும் பசி விடுமுறையில் போகும் என்று நம்பிக்கை. கடுமையாக மெலிந்த பிள்ளைக்குப் பன்னிரண்டு ரூபாய். கவனியுங்கள், எலும்பு தெரிந்தால் நான்கு ரூபாய் பதவி உயர்வு. கொஞ்சம் தேறினால் உடனே பதவி இறக்கம். இதைவிடக் கச்சிதமாக ஒரு பிள்ளையைத் தேறாமல் பார்த்துக்கொள்ளும் கணக்கை எதிரி நாட்டு ஒற்றன்கூடப் போட்டிருக்க முடியாது. எட்டு ரூபாய்க்கு சென்னையில் அரை டம்ளர் டீ கிடைக்கும், கடைக்காரர் நல்லவராக இருந்தால். தமிழ்நாடு தன் கையிலிருந்து போட்டு மதியச் சோறும் வாரம் மூன்று நாள் முட்டையும் தருகிறது. 1982-ல் எம்.ஜி.ஆர். விரித்த சத்துணவுப் பந்தி இன்றுவரை சுருட்டப்படாமல் இருப்பதற்கு அத்தனை ஆட்சிக்கும் ஒரு கும்பிடு. கும்பிட்ட கையோடு அடுத்த கணக்குக்குப் போவோம்.

பிள்ளைக்கு எட்டு என்றால், பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவருக்கு? டில்லி நிர்ணயித்த மதிப்பூதியம் டீச்சருக்கு மாதம் 4,500 ரூபாய், ஆயாவுக்கு 2,250. 2018 அக்டோபரில் ஏற்றினார்கள்; ஏற்றிய களைப்பு நெடுநாள் தீரவில்லை. அதே 2018-19-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 224 ரூபாய், 2025-26-ல் 336. மண் வெட்டுகிற கூலி வருஷாவருஷம் விலைவாசியோடு ஏறியது, பிள்ளை வளர்க்கிற கூலி ஏறவில்லை. நம் மாநிலம் சிறப்புக் காலமுறை ஊதியம் என்று கூடுதலாகத் தருகிறது, சரி. 2025-ல் 7,783 அங்கன்வாடி இடங்களை நிரப்ப அறிவிப்பு வந்தது. அத்தனை இடமும் அதுவரை ஆளில்லாமல் கிடந்தது, டீச்சர் இல்லாத மையத்தைப் பக்கத்து ஊர் டீச்சர் சேர்த்துப் பார்த்தார் என்று அர்த்தம். சேருகிறவருக்கு முதல் பன்னிரண்டு மாதம் தொகுப்பூதியம் 7,700 ரூபாய், உதவியாளருக்கு 4,100. மாதம் 26 நாள் வேலை என்று வகுத்தால் டீச்சருக்கு நாளுக்கு 296, ஆயாவுக்கு 158. அந்த ஆண்டு நூறு நாள் வேலைக்குப் போன பெண் அறிவித்தபடி முழுக்கூலி வாங்கியிருந்தால் (வாங்கியதில்லை, அது வேறு கதை) டீச்சரைவிட நாற்பது ரூபாய் கூட. அவரிடம் யாரும் செயலியில் முகம் பொருத்தச் சொல்வதில்லையா என்று கேட்காதீர்கள், அங்கேயும் வந்துவிட்டது.

டீச்சரும் ஆயாவும் ஊழியரா என்று கேட்டால் சட்டமும் தலையைச் சொறியும். அரசு ஊழியர் அல்லர் என்று 2006-ல் அமீர்பி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இவர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்சக் கூலி தரவேண்டும் என்று 2013-ல் இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அரசும் முதலாளிகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து உட்கார்ந்த மாநாடு அது. பரிந்துரை கோப்பில் பத்திரமாக இருக்கிறது. பணிக்கொடையாவது உண்டு என்று 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் பணிக்கொடை தரமாட்டோம் என்று கடைசிவரை மல்லுக்கு நின்றது யார் தெரியுமா? அரசாங்கம். வயதான பால்வாடி டீச்சர்களை எதிர்த்து வாதாட, மக்கள் வரிப்பணத்தில் வக்கீல் வைத்து. வக்கீலுக்கு மதிப்பூதியம் 4,500 என்று யாரும் பேசியிருக்கமாட்டார்கள்.

பணமே இல்லையா? இருக்கிறது. 2025-26 மத்திய பட்ஜெட்டில் சக்ஷம் அங்கன்வாடி - போஷன் 2.0 திட்டத்துக்கு 21,960 கோடி ரூபாய். பெரிய தொகைபோலத் தோன்றும். நாட்டில் சுமார் 14 லட்சம் மையங்கள். வகுத்தால் ஒரு மையத்துக்கு மாதம் ஏறக்குறைய 13,000 ரூபாய். சம்பளம், மாவு, பருப்பு, கைப்பேசி, பயிற்சி, பலகை எல்லாம் அதற்குள். பலகை என்றதும் ஞாபகம் வருகிறது. பெண் குழந்தையைக் காப்போம் திட்டத்தில் 2016 முதல் 2019 வரை விடுவித்த பணத்தில் 78.91 சதவீதம் விளம்பரத்துக்குப் போனதாக நாடாளுமன்றக் குழுவே 2021-ல் எழுதியது. குழந்தையைக் காப்பாற்றியதோ இல்லையோ, சுவரைக் காப்பாற்றினார்கள். சுண்ணாம்பு தெரியாதபடி போஸ்டர். சுகாதார நிலையங்களுக்கு 2023-ல் ஆயுஷ்மான் ஆரோக்ய மந்திர் என்று பெயர் மாற்றச் சொன்னார்கள். பெயர்ப்பலகைத் தகராறில் தங்கள் சுகாதார நிதி நிறுத்தப்பட்டது என்று பஞ்சாபும் மேற்கு வங்கமும் கேரளமும் புலம்பின. பலகையைப் பார்த்தே காய்ச்சல் இறங்கும் என்று எண்ணிவிட்டார்கள் போலும். ஸ்டிக்கர் ஒட்டும் கலையில் தமிழ்நாட்டுக்கு யாரும் பாடம் நடத்தவேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

பெரியவர்களுக்கு நாம் என்ன செய்தோம் என்றும் பாருங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. ஊர்ப் பெண்ணே அளந்து பார்த்துக் கொடுக்கிறார். அருமையான திட்டம், என் வீட்டுப் பெரியவர்களும் அதில் மாத்திரை வாங்குகிறார்கள். பிள்ளைகளைத் தேடி மருத்துவம் ஏன் வரவில்லை? வாக்களிக்கும் வயது பதினெட்டு. இரண்டு வயதுக்காரன் மறியல் செய்யமாட்டான், அவனுக்கு ரத்தம் போதவில்லை என்பதற்காக எந்த அமைச்சர் தொகுதியும் கைமாறாது.

ரிவியூ கூட்டம் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கற்பனை வராவிட்டால் உங்களுக்குத் தெரிந்த டீச்சரைக் கேளுங்கள், நடித்தே காட்டுவார்.

"உங்க சென்டர்ல போன மாசம் சிவப்புல ரெண்டு. இந்த மாசம் அஞ்சு. என்னம்மா வேலை பாக்கறீங்க?"

"சார், இந்த மாசம் புது மெஷின் வந்துச்சு. அதுல கரெக்டா எடை போட்டேன்."

"அப்ப போன மாசம் கரெக்டா போடலயா? அதுக்கு ஒரு விளக்கம் எழுதிக் குடுங்க."

அடுத்த மாதம் சிவப்பில், அதாவது எடை மிகக் குறைந்தவர் பட்டியலில், இரண்டு பேர்தான் இருப்பார்கள். மற்ற மூன்று பிள்ளைகளும் ரிவியூவுக்கு முந்தின ராத்திரி தூக்கத்திலேயே ஆளுக்கு அரைக் கிலோ ஏறிவிடுவார்கள். உலகத்திலேயே மலிவான ஊட்டச்சத்துச் சிகிச்சை இது. எட்டு ரூபாய்கூட ஆகாது. டில்லித் திரையில் மாவட்டம் பச்சையாகும். அதிகாரிக்குக் கேடயம். உண்மையாக எடை போட்ட டீச்சர் கையில் விளக்கக் கடிதம். தவறை எழுதினால் பரிசும் சரியை எழுதினால் தண்டனையும் தருகிற ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, புள்ளிவிவரம் நம்பும்படி இல்லையே என்று பிறகு கருத்தரங்கு வேறு நடத்துவார்கள்.

இது நம்மால் முடியாத காரியம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1980-ல், செயலியும் டவரும் இல்லாத காலத்தில், இதே தமிழ்நாட்டில் உலக வங்கிக் கடனில் ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் என்று ஒன்று நடந்தது. ஆறு மாதம் முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். அட்டையில் கோடு ஏறாமல் நின்றால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் மூன்று மாதம் கூடுதல் ஊட்டம். அப்படியும் தேறாவிட்டால் சுகாதாரப் பணியாளரிடம் அனுப்பினார்கள். எடை போட்டது மேலிடத்துக்கு அறிக்கை அனுப்ப அல்ல, அந்தப் பிள்ளைக்கு அடுத்து என்ன செய்வது என்று அந்தத் திண்ணையிலேயே முடிவெடுக்க. கடுமையான ஊட்டக்குறைவு குறைந்தது. குறையே இல்லாத திட்டம் என்று சொல்லவரவில்லை. தேறிய பிள்ளைக்கு ஊட்டத்தை நிறுத்துவது என்ன நியாயம் என்ற கேள்வி அப்போதே உண்டு. ஆனால் தராசுக்கும் சோற்றுக்கும் நர்சுக்கும் ஒரு தொடர்பு இருந்தது. அண்மையில் 2022-ல் ஊட்டச்சத்தை உறுதி செய் திட்டத்திலும் இரண்டு துறையும் சேர்ந்து மெலிந்த பிள்ளைகளைப் பரிசோதித்தன. முதலமைச்சரே வந்து தொடங்கிவைத்தால் இரண்டு துறை ஒரே அறையில் உட்காரும் என்று தெரிகிறது. முதலமைச்சர் ஒருவர்தான் இருக்கிறார், துணை சுகாதார நிலையங்கள் 8,713.

என்ன வேண்டும் என்று வெளிநாட்டு நிபுணரைக் கூப்பிட்டுக் கேட்கவேண்டாம், புதன்கிழமை நர்சம்மாவையும் டீச்சரையும் கேட்டால் போதும். ஒரு துணை சுகாதார நிலைய எல்லைக்குள் இருக்கும் அத்தனை பிள்ளைகளுக்கும் ஒரே பதிவேடு. அதை இரு துறையும் பார்க்கட்டும், ஒரு தடவை எழுதினால் போதும் என்றிருக்கட்டும். மருத்துவமனைக்கு அனுப்பிய பிள்ளையைத் திரும்பி வரும்வரை தொடர்வதற்கென்றே சம்பளம் வாங்கும் ஓர் ஆள். அம்மாவின் பஸ் காசுக்கும் அன்றைய கூலிக்கும் டீச்சர், ஆயா, நர்சம்மா சேர்ந்த குழு கையெழுத்துப் போட்டுச் செலவழிக்கக்கூடிய பணம். எட்டு ரூபாயை விலைவாசியோடு கட்டிவிடுவது. அகவிலைப்படியை ஆறு மாதத்துக்கொருமுறை விலைவாசியோடு கட்டத் தெரிந்த அதிகாரிகளுக்கு இது தெரியாத வித்தையா? அப்புறம் டீச்சரையும் ஆயாவையும் ஊழியர் என்று ஒப்புக்கொண்டு ஊழியருக்குரிய சம்பளம் கொடுப்பது. இந்தக் கடைசி வரியைப் படித்ததும் நிதித் துறைக்கு நெஞ்சு வலிக்கும். பரவாயில்லை, அவர்களுக்குக் காப்பீடு இருக்கிறது.

ஊரில் ஒரு குழுவின் பெயரில் பொதுப் பணமே இல்லை என்று நான் சொன்னால் பொய்யாகிவிடும். ஒன்றிருக்கிறது. 2005-ல் தொடங்கிய ஊரக சுகாதார இயக்கத்தின்கீழ் ஒவ்வொரு வருவாய் கிராமத்துக்கும் கிராம சுகாதாரக் குழு ஒன்று உண்டு. அதற்குக் கட்டுப்பாடில்லா நிதி என்று வருஷத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை ஒதுக்கலாம். நாளொன்றுக்கு 27 ரூபாய், ஊர் முழுமைக்கும். இரண்டு கையெழுத்து இல்லாமல் எடுக்க முடியாத கூட்டுக் கணக்கு. பெரும்பாலான ஊர்களில் அந்தக் கணக்கில் பிளீச்சிங் பவுடர் வாங்கிய ரசீது இருக்கும். பிள்ளையின் பெயர் எழுதிய ரசீது ஒன்றாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள்.

தேடுவதற்கு வழியும் இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருஷத்தில் ஆறு நாள் கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்துக்கு நீங்கள் போங்கள். சாலை, தெருவிளக்கு எல்லாம் பேசி முடித்ததும் எழுந்து நின்று மூன்று கேள்வி கேளுங்கள்: நம் ஊரில் சிவப்பில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர் (பெயர் வேண்டாம், எண் போதும்), போன வருஷம் மருத்துவமனைக்குச் சீட்டு எழுதிய பிள்ளைகளில் எத்தனை பேர் போய்ச் சேர்ந்தார்கள், சுகாதாரக் குழுவின் பத்தாயிரம் ரூபாய் எங்கே போனது. டீச்சரையும் நர்சம்மாவையும் கேள்விக்கூண்டில் நிறுத்தாதீர்கள். அவர்களை உங்கள் பக்கத்து நாற்காலியில் உட்காரவையுங்கள். பதில் சொல்லவேண்டியவர்கள் மேடையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவைத்து, கையெழுத்து வாங்காமல் கூட்டம் கலைய விடாதீர்கள்.